ஒரே ஒரு தடவை வந்த கிண்ணம்



உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

நாற்பது வயதைத் தாண்டிய எவரும் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார்கள். யார் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம், பக்கத்தில் யார் இருந்தார்கள், லாகூரில் அர்ஜுன கிண்ணத்தைத் தூக்கியபோது யார் முதலில் கத்தினார்கள் என்பது வரை சொல்வார்கள். சரி. இன்னொரு கேள்வி. 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

யோசிக்கிறீர்கள் அல்லவா? இதே கேள்வியை எங்கள் தெமட்டகொடையில் பலரிடம் கேட்டிருக்கிறேன். வயதானவர்கள் இரண்டொருவர் மட்டும் முகம் மலர்ந்தார்கள். மற்றவர்கள், "ஏன் நானா, அன்டக்கி என்ன நடந்த?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

அன்றைக்குத்தான் இலங்கை உதைபந்தாட்ட அணி தெற்காசியாவின் சம்பியனானது. எங்கள் காலடியில், சுகததாச விளையாட்டரங்கில். தோற்றுப்போனது யார் தெரியுமா? இந்தியா. மார்ச் 25ஆம் திகதி தொடங்கிய தெற்காசிய தங்கக் கிண்ணப் போட்டியின் இறுதி ஆட்டம் அது. தொண்ணூறு நிமிடங்களில் இரு தரப்பும் கோல் போடவில்லை. மேலதிக நேரத்தில் விழுந்த ஒரே கோலால் இலங்கை 1 - 0 என வென்றது. அதற்கு முன்பும் அந்தக் கிண்ணம் நமக்குக் கிடைத்ததில்லை. அதற்குப் பின்பு இத்தனை ஆண்டுகளில் ஓர் இறுதிப் போட்டியைக்கூட நாம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் தாய்மார்கள் "பந்துக் கதையா?" என்று தாளைப் புரட்டிவிட வேண்டாம். இது வீட்டுக் கதையும்தான். சேறு படிந்த காற்சட்டையைத் துவைத்தது யார்? மஃரிபுக்கு பாங்கு சொன்ன பிறகும் மைதானத்தில் நின்ற பிள்ளையை வாசலில் நின்று கூப்பிட்டது யார்? நம் பகுதிகளில் உதைபந்தாட்டம் அரைவாசி மைதானத்திலும் அரைவாசி உம்மாமாரின் ஏச்சிலும் வளர்ந்த விளையாட்டு.

அந்த 1995 எப்படிப்பட்ட காலம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜனவரி 8ஆம் திகதி அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மோதல் தவிர்ப்பு தொடங்கியிருந்தது. கொழும்பில் மக்கள் பயமில்லாமல் பஸ்ஸில் ஏறிய ஒரு சில மாதங்கள் அவை. நோன்புப் பெருநாள் கழிந்து மூன்று வாரம். சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் சில நாட்கள். இடைப்பட்ட அந்தச் சின்ன வெளிச்சத்தில் பங்களாதேஷிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அணிகள் கொழும்புக்கு வந்து இறங்கின.

சுகததாச அரங்கு எங்களுக்கு நடைத்தூரம். தெமட்டகொடையிலிருந்து ஆமர் வீதிப் பக்கமாக நடந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பஸ் காசை மிச்சம் பிடித்தால் இடையில் பிளேன்டீயும் கடலையும் ஆச்சு. கொழும்பின் முன்னாள் மேயர் வீ. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கிய அந்த அரங்கின் திறந்த படிக்கட்டுகளில், வெயில் முதுகைச் சுட, ஆட்டம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது வேறு ஆட்டம், நாங்கள் பார்த்தது வேறு ஆட்டம் என்று இன்றைக்கும் நான் வாதாடுவேன்.

கொழும்பு முஸ்லிம்களுக்கும் மலாய் மக்களுக்கும் உதைபந்தாட்டத்தோடு உள்ள உறவு நேற்று முளைத்ததல்ல. மருதானை ஸாஹிராவின் மைதானத்தைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! கொம்பனித் தெருவில் ஜாவா லேன் கழகம், அதன் பக்கத்திலேயே சிட்டி லீக் மைதானம். கொட்டாஞ்சேனையில் புனித பெனடிக்ட் கல்லூரியின் கத்தோலிக்கப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும். இந்த விளையாட்டுக்கு மட்டை வேண்டாம், கையுறை வேண்டாம், வெள்ளை உடுப்பு வேண்டாம். கிழிந்த காலுறைக்குள் கடதாசியைத் திணித்துக் கட்டினால் பந்து. இரண்டு செங்கல் வைத்தால் கோல். தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான சந்தோஷம் வேறென்ன கிடைத்தது?

ஆனால் கெத்தாராமவில் 1986இல் பிரேமதாச அரங்கு எழுந்தபோது காற்று மாறத் தொடங்கியது. மாளிகாவத்தைப் பிள்ளைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் சர்வதேச கிரிக்கெட் வந்துவிட்டது. விளக்குகள் எரியும் இரவுகளில் அந்த வெளிச்சம் எங்கள் கூரைகளுக்கு மேலும் தெரியும். நான் கிரிக்கெட்டுக்கு விரோதியல்ல. அதையும் பார்ப்பவன்தான். ஆனாலும் ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் மற்றப் பிள்ளையைப் பட்டினி போடுவதா என்ற கேள்வி எனக்கு அன்றும் இருந்தது.

இந்தியாவை வென்றது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1952இல் கொழும்பின் பெயரிலேயே ஒரு கிண்ணம் தொடங்கினார்கள். கொழும்புக் கிண்ணம். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகள். முதல் வருடம் கொழும்பில், பிறகு ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று 1955 வரை நான்கு தடவை நடந்தது. நான்கு தடவையும் இந்தியா தனியாகவோ பாகிஸ்தானோடு பங்கிட்டோ கிண்ணத்தைக் கொண்டு போனது. எங்கள் ஊர்ப் பெயரைப் பொறித்த கிண்ணம், எங்கள் கைக்கு ஒரு தடவையும் வரவில்லை. அந்தத் தலைமுறை வாப்பாமார் அதைச் சொல்லிச் சொல்லியே மௌத்தாகிப் போனார்கள்.

பிறகு 1993. தெற்காசிய நாடுகளுக்கான கிண்ணம் முதன்முதலாக லாகூரில் நடந்தது. இந்தியா முதலிடம், இலங்கை இரண்டாமிடம். கவனித்தீர்களா, அதுவும் லாகூர்தான்! கிரிக்கெட் அணி கிண்ணம் வென்ற அதே ஊரில், மூன்று வருடங்களுக்கு முன்னால் நம் உதைபந்து அணி இரண்டாவதாக வந்திருக்கிறது. அதைச் சொன்னால் இன்றைக்கு நம்பவே மாட்டார்கள்.

அப்படியிருக்க 1995இல் மேலதிக நேரத்தில் அந்த ஒரு பந்து வலைக்குள் போனபோது என்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சிங்களப் பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் சட்டைத் தையல் விட்டுப்போனது. அவர் என்ன மொழியில் கத்தினார், நான் என்ன மொழியில் கத்தினேன் என்று நினைவில்லை. கோலுக்கு மொழி கிடையாது. அந்த அணியின் பெயர்ப் பட்டியலிலும் சிங்களப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் கலந்துதான் இருந்தன. அதை யாரும் கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பதினேழு நாட்கள். கிண்ணம் வந்து சரியாகப் பதினேழாம் நாள், ஏப்ரல் 19ஆம் திகதி, திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைப் படகுகள் தகர்க்கப்பட்டன. யுத்தம் மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 20ஆம் திகதி எங்கள் தெமட்டகொடைக்கு அந்தப் பக்கம், கொலன்னாவையில் எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டன. பெட்ரோல் எரிந்த கறுப்புப் புகை தலைக்கு மேல் நின்ற அந்த நாட்களில் மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளெல்லாம் கறுத்துப் போனதை அந்தப் பகுதிப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக் குண்டு. அதைக் காரணம் காட்டி அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ண கிரிக்கெட்டுக்குக் கொழும்பு வர மறுத்தன. பிறகு மார்ச் 17. நாடு முழுக்கப் பட்டாசு.

இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தால், பதினோரு மாதங்களுக்கு முந்திய உதைபந்தாட்டக் கிண்ணத்தை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? யுத்தம் ஒரு பக்கம் மூடியது, கிரிக்கெட் மறுபக்கம் மூடியது. இடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காணாமல் போய்விட்டது. மறந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாபகப்படுத்த வேண்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்?

அதற்குப் பிந்திய கதையை நீட்டி எழுத மனம் வரவில்லை. நல்லது ஒன்று: 2006 ஏப்ரலில் பங்களாதேஷில் நடந்த ஆசிய சவால் கிண்ணத்தில் நேபாளத்தைப் பெனால்டியில் வென்று இறுதிப் போட்டிக்குப் போனோம். அங்கே தஜிகிஸ்தானிடம் 4 - 0. பரவாயில்லை, இறுதி வரை போனோம் அல்லவா? கசப்பு ஒன்று: 2008இல் தெற்காசிய இறுதிப் போட்டி மீண்டும் சுகததாச அரங்குக்கே வந்தது. ஆனால் விளையாடியது நாமல்ல. அரையிறுதியில் நம்மை வீட்டுக்கு அனுப்பிய மாலைதீவு, இறுதியில் இந்தியாவை 1 - 0 என வென்று கிண்ணத்தைக் கொண்டு போனது. சில லட்சம் மக்களைக் கொண்ட தீவுக்கூட்டம் அது. நம் வீட்டில் பந்தல் போட்டு, நம் பந்தலில் அடுத்த வீட்டுக் கல்யாணம் நடந்த மாதிரி.

ஆனால் 2015 மார்ச் 12ஆம் திகதிதான் எனக்கு மறக்காதது. உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி. எதிரணி பூட்டான். உலகத் தரவரிசையில் அப்போது 209ஆவது இடம். அதற்குக் கீழே யாருமில்லை, அதுதான் கடைசி. அரங்குக்குப் போகும்போது எத்தனை கோல் என்றுதான் பேசிக்கொண்டு போனோம். கடைசி ஆறேழு நிமிடங்களில் ஒரு கோல் விழுந்தது. அவர்களுடைய கோல்! அடுத்த வாரம் திம்புவிலும் 2 - 1 எனத் தோற்றோம். மலைநாட்டுப் பிள்ளைகள் துள்ளிக் குதித்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தன. அந்தப் பிள்ளைகளின் சந்தோஷத்தைப் பார்த்தபோது கோபப்படவும் முடியவில்லை. அதே பூட்டான் அந்த வருடம் செப்டெம்பரில் கட்டாரிடம் 15 - 0 எனத் தோற்றது என்பதைச் சொன்னால், நாம் எங்கே நின்றோம் என்பது புரியும்.

2019ஐப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நடந்த கொடுமையில் தெமட்டகொடையின் பெயரும் செய்திகளில் அடிபட்டது. அதன் பிறகு எங்கள் பகுதியில் எப்படி மாதங்கள் கழிந்தன என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளும் சோதனையிடப்பட்ட நாட்கள். அந்த ஜூன் மாதம் இலங்கைக்கு மக்காவு அணியோடு உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள் இரண்டு இருந்தன. ஜூன் 6ஆம் திகதி சீனாவில் நடந்த முதல் ஆட்டத்தில் 1 - 0 எனத் தோற்றோம். ஜூன் 11ஆம் திகதி கொழும்பில் இரண்டாவது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவு சங்கம் அணியை அனுப்ப மறுத்துவிட்டது. விளையாட்டு வீரர்களே எங்களைப் போகவிடுங்கள் என்று கேட்டும் அனுப்பவில்லை. கடைசியில் பீபா நமக்கு 3 - 0 என வெற்றியை எழுதிக் கொடுத்தது.

1996இல் கிரிக்கெட்டில் இரண்டு அணிகள் வராததால் புள்ளிகள் கிடைத்தன. 2019இல் உதைபந்தில் ஓர் அணி வராததால் அடுத்த சுற்று கிடைத்தது. ஆனால் ஒரு வித்தியாசம். கிரிக்கெட் அணி அதை எடுத்துக்கொண்டு போய் உலகக் கிண்ணத்தைக் கொண்டு வந்தது. நாம் அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டு போய் தென்கொரியாவிடம் 8 - 0 வாங்கி வந்தோம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருந்தாலும் அந்தச் சுற்றில் ஒரு நல்ல பொழுதும் இருந்தது. 2021 ஜூன் 5ஆம் திகதி லெபனானுக்கு எதிராக முதல் கோலை அடித்தது இலங்கை. அடித்தவர் அஹ்மத் வஸீம் ராஸிக். பிறந்து வளர்ந்தது பெர்லின். அன்று நம் இரண்டு கோல்களும் அவருடையவை. லெபனான் 3 - 2 எனத் தப்பித்தது. உண்மையில் தப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நான்கு நாடுகளின் போட்டி. மாலைதீவோடு 4 - 4. பங்களாதேஷை வென்றோம். இறுதியில் சீஷெல்ஸ். கொலன்னாவை, தெமட்டகொடை, பொரளை மூன்றையும் சேர்த்து எண்ணினால் வரக்கூடிய அளவு சனத்தொகைதான் அந்த நாட்டுக்கே இருக்கும். 3 - 3 என முடிந்து, பெனால்டி வரை போய், அங்கே தோற்றோம். இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒரு கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றுவிட்டுப் போன இரவு அது. அந்த அணியில் இருந்த மன்னார்ப் பிள்ளை டக்சன் பியூஸ்லஸ் மூன்று மாதம் கழித்து, 2022 பெப்ரவரியில், தொழிலுக்காகப் போயிருந்த மாலைதீவில் இறந்துபோனார். கடற்கரை மணலில் ஆடி வளர்ந்து தேசிய அணி வரை வந்த பிள்ளை. அவருடைய பெயரை இந்தப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இந்தக் காயம் ஆறுவதற்கு முன் 2023 ஜனவரி 21ஆம் திகதி பீபா நம் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. அரசாங்கத் தலையீடு என்பது காரணம். ஓகஸ்ட் கடைசி வரை இலங்கைக்கு சர்வதேச ஆட்டமே இல்லை. ஜூன், ஜூலையில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் நடந்தபோது நாம் இல்லை. ஒரு காலத்தில் நம் கையில் இருந்த கிண்ணம். அதற்காக ஆடக்கூட அனுமதியில்லை. யார் சரி, யார் பிழை என்று நான் வழக்குப் பேச வரவில்லை. நாற்காலிக்குச் சண்டை பிடித்தவர்களில் எவரும் அந்த ஏழு மாதமும் பந்தில்லாமல் இருந்த பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கமாட்டார்கள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏழு மாதம் என்பது சின்னக் காலமா?

சரி, கசப்பை விட்டுவிட்டுக் கட்டார் பக்கம் போவோம்.

2022 உலகக் கிண்ணத்தை நம் வீடுகள் பார்த்த மாதிரி வேறெந்த உலகக் கிண்ணத்தையும் பார்த்ததில்லை. ஒன்று, நேரம். 1994இல் அமெரிக்காவில் நடந்த இறுதிப் போட்டிக்கு இரவு ஒரு மணிக்கு விழித்திருந்தோம். கட்டாரில் நடந்ததோ பெரும்பாலும் மாலையும் முன்னிரவும். இஷா தொழுதுவிட்டு வந்து, சாப்பாட்டுக் கோப்பையோடு உட்காரலாம். மின்வெட்டு மட்டும் இடையில் வந்து மானத்தை வாங்கும். இரண்டு, நம் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். எந்தத் தெருவில் கட்டாரில் வேலை செய்யும் மகனோ மருமகனோ இல்லாத வீடு இருக்கிறது? அந்த அரங்குகளின் இரும்பிலும் சீமெந்திலும் நம் நாட்டவர், நேபாளத்தவர், வங்காளிகளின் வியர்வை இருக்கிறது. வெயிலில் மாண்டவர்களும் அவர்களுக்குள் உண்டு. விளக்கின் அழகைப் பார்க்கும்போது அதையும் நினைக்கத்தான் வேண்டும்.

தெமட்டகொடையில் அந்த நாட்களில் த்ரீவீலுக்கு த்ரீவீல் கொடி. ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலமும் வெள்ளையும். பிரேசில் வீட்டில் ஆர்ஜென்டினா மருமகன் வந்தால் சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு கட்சி. நவம்பர் 22ஆம் திகதி சவூதி அரேபியா ஆர்ஜென்டினாவை 2 - 1 என வென்றதும் எங்கள் ஆர்ஜென்டினாக்காரர்கள் பட்ட பாடு! மனதுக்குள் சந்தோஷம், வெளியே துக்கம். அல்லது வெளியே சந்தோஷம், மனதுக்குள் துக்கம். டிசம்பர் 18ஆம் திகதி மெஸ்ஸி கிண்ணத்தைத் தூக்கியபோதுதான் அவர்களுக்கு நிம்மதி வந்தது.

ஆனால் வீடு முழுக்க, கட்சி பேதமில்லாமல், பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது மொரோக்கோவைத்தான். பெல்ஜியத்தை 2 - 0. ஸ்பெயினைப் பெனால்டியில். போர்த்துக்கலை 1 - 0. ஆபிரிக்காவிலிருந்தோ அரபு நாடுகளிலிருந்தோ ஓர் அணி அரையிறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. போர்த்துக்கலை வென்ற இரவு பூஃபால் என்ற வீரர் தன் தாயின் கையைப் பிடித்து மைதானத்தில் ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஹக்கீமி ஓடிப்போய்த் தாயின் முத்தத்தை வாங்கியதும் நினைவிருக்கும். மாட்ரிட்டில் பிறந்தவர் ஹக்கீமி. தாய் வீடுகளைச் சுத்தம் செய்தும் தகப்பன் தெருவில் சாமான் விற்றும் பிள்ளையை ஆளாக்கியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்தக் காட்சியைப் பார்த்து ஒரு பெரியம்மா, "அந்த உம்மாட கைய பாருங்க, வேலசெஞ்ச கை" என்று சொன்னார். வர்ணனையாளர்கள் ஆயிரம் பேசினார்கள். எனக்குக் காதில் நின்றது அந்த ஒரு வரிதான்.

அந்த மொரோக்கோ அணியின் இருபத்தாறு பேரில் பதினான்கு பேர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். குடியேறிப் போனவர்களின் பிள்ளைகள். பயிற்றுநர் ரெக்ராகுய் அவர்களே பிரான்ஸில் பிறந்தவர்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் தேசிய அணியும் இப்போது அந்த வழியில்தான் ஆள் தேடுகிறது. பெர்லினில் பிறந்த ராஸிக்கைப் போல, இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஜேர்மனியிலும் வளர்ந்த இலங்கை வம்சாவளிப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். அணியின் ஆட்டம் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் நொம்பென் நகரில் கம்போடியாவோடு சமநிலையில் முடித்து, பெனால்டியில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் கடைசிச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். பெனால்டி என்றாலே எனக்கு சீஷெல்ஸ் ஞாபகம் வந்து கண்ணை மூடிக்கொள்வேன். அன்று மூடவில்லை.

இது நல்லதா என்று என்னிடம் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மொரோக்கோ வெளியில் பிறந்தவர்களை மட்டும் கூட்டிச் சேர்க்கவில்லை. உள்நாட்டில் ஒரு பெரிய பயிற்சிக் கூடத்தைக் கட்டி, ஏழைப் பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே எடுத்துப் படிப்பும் பந்தும் கொடுத்து வளர்த்தது. கோல் போட்டுப் போர்த்துக்கலைச் சாய்த்த என்-நெஸ்ரி அங்கே வளர்ந்தவர்தான். நாம் பெர்லினில் தேடுகிறோம், சரி. பேஸ்லைன் வீதிக்குப் பின்னால், ரயில் பாதை ஓரத்தில், செருப்பைக் கழற்றி கோலாக வைத்து ஆடும் பிள்ளையை யார் தேடுகிறார்கள்? அவனுக்குக் கிடைக்கும் வழி இராணுவமோ விமானப்படையோ பொலிஸோ நடத்தும் கழகங்கள். அங்கே சம்பளத்தோடு வேலை கிடைக்கும். மற்றவன் இருபது வயதில் பந்தை வைத்துவிட்டு த்ரீவீல் ஓட்டப் போகிறான், அல்லது கட்டாருக்கு விமானம் ஏறுகிறான். வாப்பாமாரைக் குறை சொல்ல முடியாது. "பந்து சோறு போடுமா?" என்று கேட்பவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

கொடி பறக்கவிடும் பிள்ளைகளையும் நான் ஏசுவதில்லை. பிரேசில் கொடி கட்டட்டும், ஆர்ஜென்டினா கொடி கட்டட்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனுக்கு மெஸ்ஸியின் பிறந்த ஊர், தோற்ற இறுதிப் போட்டிகள், அடித்த கோல்கள் எல்லாம் விரல் நுனியில். அவனிடம் நான் 1995ஐச் சொன்னபோது, "அங்கிள், பொய் செல்லாதீங்க. நாங்க இந்தியாவ வென்டா?" என்றான். பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டிய பிறகும் அவனுக்குப் பாதி நம்பிக்கைதான். தாள் மஞ்சளாகிவிட்டதால் படத்தில் முகங்கள் தெளிவில்லை. "இதில யார் யார்?" என்று ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக் கேட்டான்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளோடு இம்மாதம் நிறுத்திக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சுகததாச அரங்கில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையில், கிராண்ட்பாஸில், கொம்பனித் தெருவில், களுத்துறையில். டிக்கட் துண்டோ, பத்திரிகைப் படமோ, அணியில் ஆடிய ஒருவரோடு எடுத்த போட்டோவோ அலுமாரிக்குள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் பெயர்கள் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நினைவிருக்கும்போதே பேனா எடுத்து எழுதி வையுங்கள். பிரதி ஒன்றை எங்களுக்கும் அனுப்பினால், அந்தப் பையனின் மிச்சக் கேள்விகளுக்கு அடுத்த மாதம் இதே பக்கத்தில் பெயர் சொல்லிப் பதில் எழுதுகிறேன்.